ஹைற்சுங்கைப் பூட்டச் சொன்னது நான்தான்

கட்டிடம் பாக்கிற அப்வார்ட் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு நான் ரெண்டு வார்த்தை சொல்லோணுமாம். "அண்ணை, இருபத்திரண்டு வருசம் மூண்டு கட்டிடத்தைக் கட்டி ஆண்டனீங்கள், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டவை. கட்டி ஆண்டதோ! படி கூட்டினன், குப்பை வாளியை வெளியிலை இழுத்து வைச்சன், பனி வழிச்சன், பல்பு மாத்தினன். உதுகளை நீங்கள் ரெண்டு கிழமையிலை பழகிப்போடுவியள். நான் சொல்லப்போறது வேற. நினைச்சா இண்டைக்கும் முகத்தைக் கையாலை பொத்திக்கொண்டு இருக்கிற ஒரு விசயம். என்ர மனுசிக்கே அரைவாசிதான் சொல்லியிருக்கிறன்.

என்னைத் தெரியாத ஆக்களுக்காக ஒருக்காச் சொல்லுறன். டாவோஸிலை ஒரு ஹொட்டேலிலை கோப்பை கழுவித்தான் இந்தச் சுவிஸ் நாட்டிலை என்ர சீவியம் தொடங்கினது. பேந்து லாங்கன்தாலிலை ஒரு தொழிற்சாலை. முதுகு பிடிச்சாப் பிறகு அங்கையே கட்டிடம் பாக்கிற அப்வார்ட் வேலை. மூண்டு கட்டிடத்திலை பதினொரு வீடு எங்கட சனம். அவைக்கு ஜேர்மனிலை ஒரு கடிதம் வந்தாப் போதும், படம் எடுத்து வட்ஸ்அப்பிலை எனக்கு அனுப்பிப்போடுவினம். "அண்ணை, இதிலை என்ன கிடக்கு?" நான் ஒரு வரியிலை பதில் சொல்லுவன். அந்த வரியை ஆரும் சரி பாத்ததில்லை. அண்ணை சொன்னாச் சரி. எனக்கு உச்சி குளிராம என்ன செய்யும்?

உக்ரேனிலை போர் தொடங்கின வருசம் அது. ரஷ்யாவிலையிருந்து வாற கேஸ் குறையுது, குழாய் நிண்டு போச்சு எண்டு ஒவ்வொரு நாளும் செய்தி. எங்கட மூண்டு கட்டிடத்திலையும் வீட்டைச் சூடாக்கிற ஹைற்சுங் கேஸிலைதான் ஓடுது. விண்டர் வர முன்னமே வீட்டுக்கு வீடு கடிதம் வந்திட்டுது. கேஸ் விலை ஏறினபடியால் மாசா மாசம் வாடகையோடை கட்டுற சூட்டுக் காசும் ஏறுதாம், வருசக் கடைசியிலை கணக்குப் பாக்கேக்கை இன்னும் வரலாமாம். பதினொரு வீட்டிலையும் ஒரே கதை. துப்புரவு வேலை செய்யிற சனம், குசினியிலை நிக்கிற சனம். பயப்படாம இருக்குமோ?

வீடுகளை நிர்வகிக்கிற கொம்பனி, அதுதான் ஃபெர்வால்துங், எங்களைக் கூப்பிட்டுக் கதைச்சுது. எங்களுக்குப் பொறுப்பா இருந்தவா ஒரு சுவிஸ் மனுசி. நல்ல மனுசி, சத்தமாக் கதைக்க மாட்டா. ஆளுக்கொரு தாள் தந்தா. சூட்டைக் கொஞ்சம் குறையுங்கோ, ஆனால் ஒரு அறையையும் முழுக்கப் பூட்ட வேண்டாம், நாளுக்கு மூண்டு தரம் யன்னலை அகலத் திறந்து காத்து விடுங்கோ. இவ்வளவுதான் அதிலை இருந்தது. "தமிழ்க் குடும்பங்களுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கோ, நீங்கள் எங்கட ஆள்" எண்டு சொல்லி, அவைக்குச் சொல்லுவன் எண்டு என்னட்டைக் கையெழுத்தும் வாங்கினவா. நானும் பெருமையாப் போட்டுக் குடுத்தன்.

பொயிலர் பாக்க வாற கொசோவோக்காரன் ஒருத்தன் இருந்தவன். அவனும் என்னை மாதிரி உடைஞ்ச ஜேர்மன்தான். அந்தக் கிழமை கீழை கெல்லர் நிலவறைக்குள்ளை வேலை செய்துகொண்டு என்னட்டைச் சொன்னவன், "குறைக்கச் சொல்லு, பூட்டச் சொல்லாதை. குளிர்ந்த சுவர் வேர்க்கும். சனம் எங்கை படுக்குது, உடுப்பு எங்கை காயப்போடுது எண்டு முதல் கேள். அதுக்குப் பிறகு புத்தி சொல்லு" எண்டு. நான் சிரிச்சன். "எடேய், கேஸ் இல்லாமல் சீவிக்கிறது எப்பிடியெண்டு எனக்கு நீ படிப்பிக்கிறியோ?" எண்டு கேட்டன்.

ஏனெண்டால் எனக்குள்ளை ஒரு கொழுப்பு இருந்தது, பிள்ளையள். யாழ்ப்பாணத்திலை பொருளாதாரத் தடைக்குள்ளை சீவிச்ச ஆள் நான். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, எண்டாலும் சீவிச்சம். சுவிஸ்காரர் ரெண்டு டிகிரி குறைக்கச் சொன்னதுக்கு ரீவியிலை வந்து அழுகினம். எனக்கு உள்ளுக்குள்ளை ஒரே நக்கல். தடை எண்டால் என்னெண்டு எங்களைக் கேளுங்கோ எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன். முப்பது பாகை வெய்யில் எறிக்கிற ஊரிலை தடைக்குள்ளை இருந்ததும், வெளியிலை பனி கொட்டேக்கை ரெண்டு அறை வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிறதும் ஒண்டோ? அந்தச் சின்ன யோசனை கூட எனக்கு வரேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் வட்ஸ்அப் குறூப்பிலை ஒரு வொய்ஸ் போட்டன். ஃபெர்வால்துங் தந்த தாளை வாசிக்கேல்லை. சொந்தச் சரக்கு. "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. தடையிலை வாழ்ந்த சனம் நாங்கள். ஒரு அறையிலை மட்டும் ஹைற்சுங்கை விடுங்கோ. மற்ற அறை, ஹோல், குசினி எல்லாத்தையும் பூட்டுங்கோ. எல்லாரும் அந்த ஒரு அறைக்குள்ளை படுங்கோ. பங்கருக்குள்ளை ஒன்பது பேர் படுக்கேல்லையே? யன்னலைத் திறந்து திறந்து சூட்டை வெளியிலை விடாதேங்கோ." இப்பிடி மூண்டு நிமிசம். கை தட்டுறதும் கும்பிடுறதுமாப் படங்கள் வந்து குவிஞ்சுது. ஒருத்தர், "அண்ணை எண்டால் அண்ணைதான்" எண்டு எழுதினார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். வெக்கக்கேடு.

மற்ற வீட்டுக்காரர் ரெண்டு நாள் பூட்டிப்போட்டு, குளிர் தாங்காமல் சத்தமில்லாமல் திறந்திட்டினம். அவைக்குப் புத்தி இருந்திருக்கு. சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்த ஒரே ஆள் சுகந்தி.

சுகந்தி இருந்தது கீழ்மாடியிலை, வடக்குப் பக்க மூலை வீடு. வெய்யில் எண்டதே படாது. புருசன் டாவோஸிலை ஒரு ஹொட்டேல் குசினியிலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வாறவர். சுகந்தி விடியப்புறம் ஒரு பேக்கரியிலை பொதி கட்டப் போறவா. ஆரணி எண்டு நாலு வயசிலை ஒரு பிள்ளை. தாயும் பிள்ளையும் ஒரு அறைக்குள்ளை. அதுக்குள்ளையே உடுப்புக் காயப்போட்டு, யன்னலையும் இறுக்கிச் சாத்தி, விண்டர் முழுக்க இருந்திருக்கினம்.

டிசம்பரிலை சுகந்தி எனக்குப் போன் எடுத்தவா. "அண்ணை, அலுமாரிக்குப் பின்னாலை சுவரெல்லாம் கறுப்பாக் கிடக்கு."

"பூஞ்சணம் பிள்ளை. ஜாவெல் கிருமிநாசினி போட்டுத் துடைச்சு விடுங்கோ."

"துடைச்சனான் அண்ணை, திரும்பத் திரும்ப வருது. பிள்ளையும் இரவிலை இருமிக்கொண்டு கிடக்கிறாள்."

"விண்டரிலை ஆர் பிள்ளை இருமேல்லை?"

பேந்து கேட்டவா, "மற்ற அறையளையும் திறந்து விடட்டோ அண்ணை?"

நான் அந்த நேரம் பனி உருக வாசலிலை உப்புப் போட்டுக்கொண்டு நிண்டனான். கை விறைச்சுப் போய் அவதியிலை நிண்டனான். எண்டாலும் அது ஒரு சாட்டில்லை. "இன்னும் ரெண்டு மாசந்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். "சரி அண்ணை" எண்டு வைச்சிட்டா. பத்தடி நடந்து போய் அந்தச் சுவரை ஒருக்காத் தொட்டுப் பாத்திருக்கலாம். போகேல்லை.

புது வருசம் பிறந்து ரெண்டாம் கிழமை பிள்ளைக்கு முட்டு வந்து, மூச்சு எடுக்கேலாமல், அம்புலன்ஸிலை கொண்டு போனவை. நாலு நாள் ஆசுப்பத்திரி. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டிலை பூஞ்சணம் இருக்கோ எண்டதுதான். ஈரமில்லாத வீட்டிலை பிள்ளையை வைச்சிருக்கோணும் எண்டு ஒரு கடிதமும் குடுத்தவர். சுகந்தி அதை ஃபெர்வால்துங்குக்கு அனுப்பினா. எங்கட கட்டிடத்திலையே மூண்டாம் மாடியிலை ஒரு வீடு காலியாகப் போகுது. தெற்குப் பக்கம், நல்ல வெய்யில், காய்ஞ்ச சுவர். அதைத் தாங்கோ எண்டு கேட்டிருந்தா. பிள்ளைக்கு அந்த வீடு கிடைக்கிறதோ இல்லையோ எண்டதுதான் கேள்வி.

பாக்க வந்தது அந்தச் சுவிஸ் மனுசி. மொழிபெயர்க்க ஆர்? எங்கட ஆள். நான்தான்.

அறைக்குள்ளை மூண்டு பேர் நிக்கிறம். மனுசி ஈரம் அளக்கிற கருவியைச் சுவரிலை வைச்சுப் பாத்தா. அலுமாரியை நான் இழுத்தன். ஐயோ, அந்தச் சுவர்! அதுக்குப் பக்கத்திலைதான் பிள்ளையின்ர கட்டில். மணத்திலை எனக்கே தொண்டை காறிச்சுது. மனுசி என்னைப் பாத்து, "மற்ற அறைகளைச் சூடாக்கினவாவோ எண்டு கேளுங்கோ" எண்டா. சுவரிலையோ கட்டிடத்திலையோ பிழை எண்டால் சுகந்திக்கு மூண்டாம் மாடி கிடைக்கும். வேற ஆரும் பிழையாச் சொல்லிக் குடுத்திருந்தாலும் மூண்டாம் மாடிதான். குடியிருக்கிற ஆளின்ர பிழை எண்டால் இல்லை. அது எனக்குத் தெரியும்.

நான் சுகந்தியைக் கேட்டன். அவ கோவமில்லாமல், சாதாரணமாச் சொன்னா. "இல்லை அண்ணை. நீங்கள்தானே பூட்டச் சொன்னனீங்கள். டிசம்பரிலையும் கேட்டனான், திறக்கட்டோ எண்டு."

நான் மனுசியின்ர பக்கம் திரும்பினன். வாய் வரைக்கும் வந்தது. வாற வருசம் பென்சன். கையெழுத்துப் போட்ட தாள் அவவின்ர ஃபைலுக்குள்ளை கிடக்கு. நீங்கள் எங்கட ஆள் எண்டு சொன்ன வாய் இனி என்ன சொல்லும்? ஒரு மூச்சு விடுற நேரத்துக்குள்ளை இவ்வளவும் ஓடிச்சுது. ஜேர்மனிலை சொன்னன், "செலவுக்குப் பயந்து எல்லாத்தையும் பூட்டி வைச்சவாவாம்."

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்சன், பிள்ளையள்.

மனுசி கேட்டா, "அந்தத் தாளிலை இருந்ததை இவைக்கு நீங்கள் சொன்னனீங்கள்தானே?"

"ஓம்" எண்டன்.

அதோடை முடிஞ்சுதெண்டுதான் நினைச்சன். ஆனால் மனுசி நேர்மையான ஆள். சுகந்தியை நேர பாத்து, ஆறுதலாக் கேட்டா, "அப்பிடித்தானோ? நீங்கள்தான் பூட்டினனீங்களோ?"

சுகந்தி என்னைப் பாத்தா. எவ்வளவு நேரமெண்டு எனக்குத் தெரியாது. நான் குனிஞ்சு சுவரும் நிலமும் சேருற இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். பேந்து சுகந்தியின்ர குரல் கேட்டுது. நல்ல ஜேர்மன். என்ர ஜேர்மனை விட நல்ல ஜேர்மன். "ஓம். நான்தான் பூட்டினனான். என்ர பிழை."

சுகந்தி ரெண்டு வருசமா ஜேர்மன் வகுப்புக்குப் போறவா எண்டு எனக்குத் தெரியாது. கடிதத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பினது வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு பெரியாளைக் கேட்டுச் செய்வம் எண்ட மரியாதைக்கு. அப்ப நான் மாத்திச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவவுக்கு விளங்கியிருக்கு. விளங்கிக்கொண்டும், ஒரு வெள்ளை மனுசிக்கு முன்னாலை என்னைக் காட்டிக் குடுக்கேல்லை.

மனுசி எழுதிக்கொண்டு போட்டா. ஒரு கிழமையிலை கடிதம் வந்தது. மூண்டாம் மாடி இல்லை. சுவர் திருத்துற செலவும் சுகந்தியின்ர தலையிலை. அந்தக் கடிதத்தை மட்டும் சுகந்தி எனக்குப் படம் எடுத்து அனுப்பேல்லை. அவவின்ர புருசன் சொல்லித்தான் அறிஞ்சன். அந்தாளுக்கு ஒண்டும் தெரியாது. "நீங்கள் அண்டைக்கு வந்து நிண்டது பெரிய உதவி அண்ணை" எண்டார். நாக்கைப் புடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நான் அதுக்குப் பிறகு செய்ததையும் கேளுங்கோ. குறூப்பிலை போட்ட அந்த வொய்ஸை அழிக்கப் போனன். காலம் கடந்து போனபடியால் என்ர போனிலை மட்டும்தான் அழிஞ்சுது. மற்ற எல்லாரின்ர போனிலையும் நான் இன்னும் வாய் கிழியக் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.

பெப்ரவரியிலை மூண்டாம் மாடி வீட்டின்ர திறப்பை வேற ஒரு ஆளிட்டைக் குடுத்தது நான்தான். தனி ஆள். வெய்யில் விழுற அந்தப் பெரிய அறைக்குள்ளை சைக்கிளும் பனிச்சறுக்குச் சாமானும் வைக்கப்போறன் எண்டு சொன்னான். அவனிலை ஒரு பிழையும் இல்லை. ஹைற்சுங்கை முழுக்கப் பூட்டாதை, நாளுக்கு மூண்டு தரம் காத்து விடு எண்டு அந்தத் தாளிலை இருந்ததை ஒரு சொல் விடாமல் அவனுக்கு விளங்கப்படுத்தினன். சொல்லி முடிச்சும் போகாமல், ரெண்டாந்தரமும் அதையே சொன்னன். விளங்கிட்டுது எண்டு அவன் சிரிச்சான்.

அதுக்குப் பிறகும் ஒரு மாசத்துக்கு மேலை இழுத்தன். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு. மார்ச் கடைசியிலைதான் ஃபெர்வால்துங்குக்குப் போய் அந்த மனுசிக்கு முன்னாலை இருந்து எல்லாத்தையும் சொன்னன். அவ பேனையை மேசையிலை வைச்சா. "அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?" எண்டு மட்டும் கேட்டா. வெக்கமாக் கிடந்தது எண்டன்.

சுவர்ச் செலவைக் கொம்பனி எடுத்துக்கொண்டுது. சுகந்திக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போச்சுது. மூண்டாம் மாடியிலை இருக்கிற ஆளை எழுப்பேலாதுதானே. சுகந்தி குடும்பம் அதுக்குள்ளை டீட்டிகோன் எண்ட ஊரிலை புருசனின்ர சொந்தக்காரருக்குக் கிட்ட ஒரு வீடு பிடிச்சுப் போட்டினம். எனக்கு என்ன நடந்தது எண்டு கேப்பியள். வேலை போகேல்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அந்த ஒரு கடிதாசிக்குப் பயந்துதான் நான் ஒரு பிள்ளையின்ர மூச்சோடை விளையாடினனான்.

நீங்கள் இஞ்சை பிறந்து வளந்த பிள்ளையள், உங்களுக்கு ஜேர்மன் தண்ணி பட்ட பாடு. அதாலை உங்களைத்தான் எங்கட சனம் இனிக் கூப்பிடப் போகுது. ஒண்டைக் கேளுங்கோ. நடுவிலை நிண்டு மொழிபெயர்க்கிற ஆள் தன்ர பிழையையும் சேத்து மொழிபெயர்க்கோணும். அதுக்கு உங்களாலை ஏலாதெண்டால், இதிலை எனக்கும் பங்கிருக்கு, வேற ஆளைக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போங்கோ. கேஸ் திரும்பவும் தட்டுப்படும், விலை திரும்பவும் ஏறும், சனம் திரும்பவும் பயந்து உங்களைக் கேக்கும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கோ. வீரம் கதைக்காதேங்கோ, அந்தக் குளிருக்குள்ளை படுக்கப் போறது நீங்களில்லை.

மே மாசம் ஒரு சனிக்கிழமை நான் டீட்டிகோனுக்குப் போனன். தாயும் பிள்ளையும் கடையிலையிருந்து வந்துகொண்டிருந்தவை, வாசலிலையே கண்டிட்டன். "வாங்கோ அண்ணை" எண்டு சுகந்தி முகம் கோணாமல் கூப்பிட்டா. நாலாம் மாடி, லிஃப்ற் இல்லை. ரெண்டாம் மாடியிலை பிள்ளை நிண்டிட்டாள். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு எடுக்கிறாள். "மாமா, கொஞ்சம் நிப்பமோ?" எண்டு என்னைக் கேட்டாள். நிண்டம். அறுபத்துநாலு வயசுக்காரன் நான் இளைக்காமல் நிக்கிறன். நாலு வயசுப் பிள்ளை இளைக்குது.

மேலை போய்க் குசினி மேசையிலை இருந்தம். புது வீடு நல்லாக் காய்ஞ்ச வீடு. எல்லா அறையிலும் ஹைற்சுங் இருந்தது, நான் பாத்தனான். சுகந்தி தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சா. நான் கோப்பையைத் தொடேல்லை.

"பிள்ளை, நான் அவையிட்டைப் போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். பூட்டச் சொன்னது நான்தான் எண்டு."

"ஓம் அண்ணை, கடிதம் வந்தது. எப்ப போய்ச் சொன்னனீங்கள்?"

"மார்ச் கடைசியிலை."

சுகந்தி சீனிப் போத்தலை மூடி ஒரு பக்கமா வைச்சா.

"நான் ஜனவரியிலை உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான் அண்ணை. இப்ப சொல்லுவியள், இப்ப சொல்லுவியள் எண்டு."

அவ்வளவுதான். பிள்ளைக்கு முட்டுக்குப் பம்ப் அடிக்கிற நேரமாச்சு எண்டு எழும்பி அறைக்குள்ளை போட்டா.